காருக்குக் கம்பெனி வீலா, வெளி வீலா?

நம் ஊரில் பட்டு வியாபாரம் செய்வோரும் சரி, அரிசி மண்டி வைத்திருப்போரும் சரி, இன்று பெரும்பாலும் சொந்தக் காரில்தான் வெளியூர் போய் வருகிறோம். ஒரு காலத்தில் சேலை மூட்டையை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு, சென்னை போய்ச் சேரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி மேலே எட்டிப் பார்த்தவர்கள் நாம். இப்போது பின் சீட்டை மடித்தால் இருநூறு சேலை அடங்குகிறது. சேலை ஒன்றை அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்று வைத்தாலும் அதுவே நூறு கிலோவைத் தாண்டும். அதோடு முதலாளி, மகன், டிரைவர், சாப்பாட்டுக் கூடை. இந்தக் கனத்தைத் தாங்குவது நான்கு சக்கரங்கள். ஆனால் புதுக் கார் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் மாற்றச் சொல்வதும் அந்தச் சக்கரங்களைத்தான்.

“அப்பா, இரும்பு வீல் பழைய காலத்து வண்டி மாதிரி இருக்கிறது, அலாய் போட்டால்தான் எடுப்பாக இருக்கும்” என்ற பேச்சு என் வீட்டிலும் நடந்தது. கடைக்கு வரும் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். கம்பெனி கொடுத்த வீலே போதுமா, வெளியில் வாங்கிப் போடலாமா, போட்டால் எதைப் பார்த்து வாங்குவது? நான் மெக்கானிக் இல்லை, பட்டு மொத்த வியாபாரி. ஆனாலும் எந்தச் சரக்கையும் விசாரிக்காமல் வாங்கும் பழக்கம் நமக்கு இல்லையே. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும், நம் ஊர் டயர் கடைகளிலும், சர்வீஸ் சென்டரிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கம்பெனி வீல் என்றால் யார் செய்தது?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கார் கம்பெனிகள் சக்கரத்தைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. நாம் தறி போடாமல் நெசவாளரிடம் சேலை நெய்து வாங்குவதைப் போல, அவர்களும் சக்கரத்துக்கென்றே இருக்கும் ஆலைகளில் வாங்குகிறார்கள். சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமம் தொடங்கிய வீல்ஸ் இந்தியா 1960களிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. ஒரகடத்தில் ஸ்டீல் ஸ்ட்ரிப்ஸ் ஆலை இருக்கிறது. அலாய் என்று எடுத்துக்கொண்டால் புனே பக்கம் ஜப்பானிய என்கெய் நிறுவனமும், அரியானா பாவலில் மிண்டா ஆலையும் பெரியவை.

ஆகவே ‘கம்பெனி வீல்’ என்றால் கம்பெனி செய்த வீல் என்று அர்த்தம் இல்லை. அந்தக் காரின் எடை, அச்சு, பிரேக், பேரிங், டயர் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து இன்ன அளவில் இன்ன பலத்தில் வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்து, சோதித்து, ஒப்புக்கொண்ட வீல் என்று அர்த்தம். வெளி வீல் ஒரு காருக்கென்று செய்யப்படுவதல்ல. துளை பொருந்தும் பத்துப் பதினைந்து கார்களுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் ரெடிமேட் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். ரெடிமேடிலும் நல்ல சட்டை உண்டு, ஆனால் நம் தோளுக்குச் சரியா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரும்பும் அலாயும்

இரும்பு வீலில் இரண்டு பாகம். பட்டைத் தகட்டை வளைத்து, முனைகளைச் சேர்த்து வெல்டு செய்து, உருளைகளில் விட்டு ரிம்மாக உருட்டுகிறார்கள். நடுவில் உள்ள தட்டை பிரஸ்ஸில் அடித்தெடுத்து ரிம்முடன் வெல்டு வைக்கிறார்கள். அலாய் என்பது அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் சேர்ந்த கலவை. அதை உருக்கி அச்சில் வார்த்து, சூட்டில் பதப்படுத்தி, கடைசலில் கடைந்தெடுக்கிறார்கள். நல்ல ஆலையில் வார்ப்புக்குள் காற்றுக் குமிழ் தங்கிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வெளியில் மினுமினுப்பாக இருக்கும் மட்டமான வீலில் இந்தப் பதப்படுத்தலும் சோதனையும்தான் விடுபட்டுப் போகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது.

பலமான பள்ளத்தில் விழுந்தால் இரும்பு வளையும், அலாய் விரிசல் விடும். இதுதான் முக்கியமான வேறுபாடு. வளைந்த இரும்பை ஓரளவு தட்டிச் சரிசெய்து ஊர் வந்து சேரலாம். டயரில் காற்று இறங்கினாலும் மெதுவாகத்தான் இறங்கும். விரிசல் விட்ட அலாயில் டியூப்லெஸ் டயரின் காற்று சட்டென்று போய்விடும். விரிந்த அலாயை வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, புதிது போலக் கொடுக்கும் இடங்கள் நகரங்களில் இருக்கின்றன. வெல்டு வைத்த சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும் என்பதால், அப்படிப்பட்ட வீலை என் வண்டிக்கு நான் போடமாட்டேன். செகண்ட் ஹேண்டில் அலாய் வாங்குகிறவர்கள் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

‘அலாய் போட்டால் எடை குறையும், மைலேஜ் கூடும்’ என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. அதே அளவில் நன்றாகச் செய்த அலாய், இரும்பைவிடச் சற்று எடை குறைவாகவே இருக்கும். ஆனால் 15 அங்குல இரும்பை எடுத்துவிட்டு 17 அங்குல மலிவு வார்ப்பைப் போட்டால் எடை கூடத்தான் செய்யும். அலாயில் பிரேக்குக்குக் காற்றோட்டம் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. கொல்லிமலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அது பயன்படலாம். ஆரணிக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பார்க்க வேண்டிய அளவுகள்

கடையில் கேட்டால் “உங்க வண்டிக்கு உக்காரும் சார்” என்பார்கள். உட்காருவது வேறு, பொருந்துவது வேறு.

துளைகள் எத்தனை, அவை அமைந்துள்ள வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது முதல் கணக்கு. மாருதி ஸ்விப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி மூன்றுக்கும் 4 துளை, 100 மி.மீ. வட்டம். இன்னோவாவுக்கு 5 துளை, 114.3 மி.மீ., அதாவது சரியாக நாலரை அங்குலம். துளை ஒன்றுதான் என்பதால் ஹோண்டா வீலை ஸ்விப்டில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஸ்விப்டின் ஹப் 54.1 மி.மீ., ஹோண்டாவுடையது 56.1 மி.மீ. அந்த 2 மி.மீ. இடைவெளியால் வீல் ஹப்பில் அமராமல் நட்டுகளை நம்பித் தொங்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் தீராது. வெளி வீல்கள் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். அதற்கு வளையம் ஒன்று உண்டு. நம் ஹப் அளவுக்கான வளையத்தைக் கேட்டு வாங்கி, கண் முன்னால் போடச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு இது. வீலின் பின்புறம் ஈ.டி. 45, ஈ.டி. 38 என்று பொறித்திருக்கும். கம்பெனி அளவு 45 இருக்க நீங்கள் 30 வாங்கினால் சக்கரம் 15 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பிள்ளைகளுக்கு அந்தத் தோற்றம் பிடிக்கிறது. ஆனால் பேரிங்கின் மீது விழும் பாரம் இடம் மாறுகிறது, திருப்பும்போது ஸ்டியரிங் கனக்கிறது. சரக்கு ஏற்றியதும் பின் டயர் மட்கார்டில் உரசும். காலியாக ஓட்டிப் பார்த்து “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்கிறவர்கள், சேலை மூட்டையும் நான்கு பேருமாக ஏற்றி ஒரு வேகத்தடையைத் தாண்டிப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

மூன்றாவது, வியாபாரிகளுக்கு மிக மிக முக்கியமானது, வீல் தாங்கும் பாரம். நல்ல வீலின் பின்புறத்தில் அதிகபட்சம் இத்தனை கிலோ என்று பொறித்திருக்கும். உதாரணத்துக்கு, முழுச் சுமையில் பின் அச்சின் பாரம் 1,200 கிலோ என்று கம்பெனி கூறியிருந்தால், ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. 560 என்று பொறித்த வீல் அந்த வண்டிக்கு ஆகாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். பாரமே பொறிக்காத வீலை மறுபடி வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிடுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் டிசைனைப் பற்றிப் பேசாத கடை இல்லை. பாரம் எவ்வளவு என்று கேட்டபோது வீலைத் திருப்பிப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்தான்.

டயர் விஷயமும் இதோடு சேர்ந்தது. வீல் பெரிதாக ஆக, டயரின் மொத்த உயரம் மாறாமல் இருக்க ரப்பர் சுவர் சிறியதாக வேண்டும். ஸ்விப்டின் ஒரு தலைமுறையில் கீழ் ரகத்துக்கு 165/80 ஆர் 14 டயரும், மேல் ரகத்துக்கு 185/65 ஆர் 15 டயரும் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் இரண்டின் விட்டமும் 620 மி.மீ. சுமார்தான். ஆனால் சுவர் உயரம் முன்னதில் 132 மி.மீ., பின்னதில் 120 மி.மீ. இதையே 195/55 ஆர் 16 ஆக்கினால் சுவர் 107 மி.மீ. ஆகிவிடும், மொத்த விட்டம் அப்படியே இருக்கும். பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது இந்த ரப்பர் சுவர். ஒரு அங்குலம் ரப்பரைக் குறைத்தால் அந்த அடி நேராக ரிம்முக்குப் போகிறது. மழைக்காலம் முடிந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முத்திரை

வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று மிஷினில் காட்டித்தான் நாம் சரிகை வாங்குகிறோம். 2004இல் சில்க் மார்க் வந்த பிறகு வாடிக்கையாளரும் சேலையைப் பிரிக்கும் முன் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறார். வீலுக்கும் அப்படி ஒரு முத்திரை வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியவில்லை. வாகன ரிம்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் வெளியிட்டது. நடைமுறைக்கு வரும் தேதி சில முறை தள்ளிப்போய், பின்பு அமலுக்கு வந்தது. பயணிகள் காருக்கான தர எண் ஐ.எஸ். 9436. வீலை வளைத்துச் சுழற்றும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, விளிம்பில் எடையைப் போட்டு அடிக்கும் சோதனை ஆகியவைதான் காரின் வீலுக்கு உலகெங்கும் செய்யப்படும் அடிப்படைச் சோதனைகள்.

முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானிய முத்திரைகளைக் காட்டிச் சிலர் விற்கிறார்கள். அவை உண்மையில் மதிப்புள்ள முத்திரைகள்தான். ஆனால் அச்சில் எழுத்தைச் செதுக்கி வார்ப்பது யாருக்கும் முடியும். பவர்லூம் சேலையில் கைத்தறி என்று சீட்டு ஒட்டி விற்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம், நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பில்லும் பாலிசியும்

எங்கள் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர், பட்டு மொத்த வியாபாரிதான். ஆவணி முகூர்த்தத்துக்கு நூற்றைம்பது சேலையுடன் விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்பினார். செய்யாறு தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் இறங்கி ஏற, வெளியில் வாங்கிய அலாய் விரிந்தது. நல்ல வேளையாக மெதுவாகப் போனதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி ஓரக் கல்லில் மோதி முன்பக்கம் நசுங்கியது. ஸ்டெப்னியை எடுத்து மாட்டப் போனால் அது பழைய இரும்பு வீல், அலாய்க்குப் போட்டிருந்த நட்டு அதில் சரியாக உட்காரவில்லை. பழைய நட்டுகளை வீட்டில் விட்டிருந்தார். முகூர்த்தக் கடைக்குச் சரக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தக் கடைக்காரர் பாதி ஆர்டரை வேறிடத்தில் எடுத்துவிட்டார்.

இன்சூரன்ஸில் சர்வேயர் வந்து பார்த்தார். பானெட், பம்பர் எல்லாம் கணக்கில் வந்தன. அலாய் நான்கும் பாலிசியில் ஏறவில்லை, பில்லும் இல்லை. அந்தத் தொகை முழுக்க நண்பர் தலையில் விழுந்தது. வீல் மாற்றியதை ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, மற்ற தொகையை வாங்குவதற்கும் பல நாள் அலைந்தார்.

ஆகவே வெளியில் வாங்கினால் பில்லோடு வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, துணைப்பொருள் என்ற தலைப்பில் அதன் மதிப்பைப் பாலிசியில் ஏற்றிவிட வேண்டும். கூடுதல் பிரீமியம் பெரிய தொகையாக இராது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிப்பதிலும் முன்போல் லாபம் இல்லை. வியாபாரியான நாமே பில் வேண்டாம் என்று சொல்வது அழகும் இல்லை.

சட்டப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்துவிட்டது. அதே மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நீங்கள் இருந்தால் வம்பு வர இடமில்லை. மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தைத்தான் வழியில் நிறுத்துவார்கள். காரின் வாரன்டியும் அப்படியே. பேரிங்கோ சஸ்பென்ஷனோ கெட்டு வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போனால், முதலில் அவர்கள் கண் போவது வெளி வீலின் மேல்தான்.

என் முடிவு

சரக்கோடு மாதம் நாலைந்து முறை வெளியூர் போகிற வண்டிக்குக் கம்பெனி இரும்பு வீலே போதும். ஒன்று வளைந்தால் ஒன்றை மட்டும், அலாயின் விலையில் சிறு பங்குக்கு, மறுநாளே வாங்கலாம். அதே டிசைன் கிடைக்குமா என்ற கவலை இல்லை. வெளி அலாயில் டிசைன் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், ஒன்று உடைந்தால் ஜோடி தேடி அலைய வேண்டும். பார்வைக்கு வேண்டுமென்றால் வீல் கேப் இருக்கவே இருக்கிறது.

அழகும் வேண்டும் என்கிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. உங்கள் மாடலின் மேல் ரகத்துக்கு வரும் அலாயை, கம்பெனி டீலரிடமே, அதற்குரிய டயரோடு வாங்கிப் போடுங்கள். ஆஃப்செட், ஹப், பாரம் மூன்றும் உங்கள் வண்டிக்கென்றே போட்ட கணக்கு. விலை கூடுதல்தான். ஆனாலும் என் வீட்டில் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. மகனுக்கும் திருப்தி, எனக்கும் தூக்கம் கெடவில்லை. வெளி அலாய்தான் என்று முடிவு செய்பவர்கள் மேலே சொன்ன மூன்று அளவும் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணும் பார்த்து, கம்பெனி அங்குலத்துக்கு மேல் போகாமல் வாங்கட்டும். அப்படி வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டும்போது நட்டை ஏர் கன்னால் அடித்து முடித்துவிட அனுமதிக்காதீர்கள். கையால் முடுக்கி, டார்க் ஸ்பேனரில் கம்பெனி புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னி இரும்பாக இருந்தால் அதற்குரிய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்துவிடுங்கள். கழற்றிய நான்கு இரும்பு வீல்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கிட்டங்கியில் ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, அலாயைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.